ஏழு முறை திரும்பிய இறகுகள்

பொள்ளாச்சியில், உடுமலை ரோட்டில், ஒரு மாட்டுத்தீவனக் கடையின் மாடியில் குரு ஒருவர் இருந்தார். குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தேழு.

குருவின் பெயர் சுபாஷிணி. பாலிடெக்னிக்கில் எட்டு வருடம் கம்ப்யூட்டர் பாடம் நடத்திவிட்டு வந்தவர் என்பதால் மாடியில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். சீடரின் பெயர் சென்னியப்பன். தொலைபேசித் துறையில் லைன்மேனாக முப்பது வருடம் கம்பம் ஏறியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் காலை நீட்டிப் பேப்பர் படிக்க வேண்டிய வயதில் வெப்சைட் கட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஏன் இந்த வயதில் என்று கேட்டால், "சும்மா உக்காந்திருந்தா முழங்கால் புடிச்சுக்குதுங்க" என்பார். அதை யாரும் நம்பவில்லை. யாரும் மறுபடி கேட்கவும் இல்லை.

அந்த மாடியிலிருந்து நடந்த இணையதளத்தின் பெயர் கூவல். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் தான் பதிந்த பறவைக் குரலை அதில் ஏற்றலாம். கேட்பவருக்குப் பிடித்திருந்தால் பதிந்தவருக்கு ஓர் இறகு கொடுப்பார். அது கையில் பிடிக்கிற இறகு இல்லை, கிரிப்டோ டோக்கன். கம்ப்யூட்டருக்குள் மட்டுமே புழங்கும் ஒரு காசு. யாரிடம் எத்தனை இறகு என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லாக் கணக்கும் பதிகிற பொதுப் பேரேட்டில் ஒளிவுமறைவு கிடையாது.

கூவலில் ஒரு விதி உண்டு. பதிவு தொடங்கும்போது பதிகிறவர் தன் வாயால், தன் மொழியில், நாளும் நேரமும் இடமும் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பறவை.

சென்னியப்பன் வேலைக்கு வந்தது அந்தப் பேச்சுக்காகத்தான்.

ஞாயிறுதோறும் நியூசிலாந்திலிருந்து ஒரு பதிவு வரும். "ஞாயித்துக்கெழம. காலைல ஆறு பத்து. வடக்குக் கரை. லேசா காத்து இருக்குது." எட்டு விநாடி. அப்புறம் ஏதோ ஒரு பறவை கத்தும். என்ன பறவை என்று சென்னியப்பனுக்கு இன்றுவரை தெரியாது. அவர் அந்த எட்டு விநாடியோடு நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்பார்.

குரல் அவருடைய ஒரே மகள் கோகிலவாணியினுடையது. பேர் வைத்த நேரமோ என்னவோ, அங்கே பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் விடுமுறை நாளில் பறவைக்குப் பின்னால் அலைந்தாள்.

அவர்கள் பேசி நாலு வருடம் ஆகிவிட்டது. அம்மா இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்டவள் மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தாள். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. அது சென்னியப்பனுக்கும் தெரியும். தெரிந்தும், உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், வாசலில் பையோடு நின்றவளிடம், "எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப யாரப் பாக்க வந்தே?" என்று கேட்டுவிட்டார். அவள் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. அப்படியே திரும்பிப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் கூப்பிட்டு, 'தப்புத்தானுங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இருந்தார். இரண்டு வருடம் கழித்து அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஒரே சொல். 'சாப்டீங்களா?' அவ்வளவுதான். அதில் தப்பும் இல்லை, அப்பாவும் இல்லை. அவர் பதில் போடவில்லை. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச அந்தத் தாலுக்காவில் ஆள் இல்லை என்று அவர் மனைவி இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதில்தான் போடவில்லையே தவிர, ஏங்காத நாள் இல்லை. வீட்டிலிருந்தே அந்தக் குரலைக் கேட்கலாம்தான். ஆனால் லைன்மேனுக்கு ஒரு பழக்கம். லைன் வந்து சேருகிற இடத்துக்குப் போய் நின்றால்தான் அவனுக்கு நிம்மதி. தேடிப்பிடித்து வந்து பார்த்தால், அந்த இடம் தன் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில், தீவனக் கடைக்கு மேலே இருந்தது. அன்றைக்கே வேலை கேட்டுவிட்டார்.

இப்படி ஒன்றரை வருடம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, கூவலுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது.

'இறகுகளை வேறு டோக்கனாக மாற்றும் வசதி எப்போது வரும்? எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிறது. சேர்ந்ததை மாற்றிக்கொண்டு என் பக்கத்தை மூடிவிடலாம் என்று இருக்கிறேன். கோகிலவாணி.'

கடிதத்தை டீச்சர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இதுபோல இன்னும் பலர் கேட்டிருந்தார்கள். இறகை மாற்ற அதுவரை வழியில்லை. வெளிக் கம்பெனி ஒன்று அதற்காக விட்ஜெட் என்று ஒரு சின்னப் பெட்டி தயாராக வைத்திருந்தது. இந்தப் பக்கம் இறகைப் போட்டால் அந்தப் பக்கம் வேறு டோக்கன் வரும். அதை வாங்கிக் கூவலின் பக்கத்தில் பதித்துவிட்டால் போதும்.

"இத நீங்களே பண்ணீருங்ணா," என்றார் டீச்சர். "பத்து வரிகூட இல்ல."

சென்னியப்பன் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

வேலை பத்து வரிதான். அதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் நிறம் சரியில்லை என்றார். இரண்டாம் வாரம் போனில் பார்த்தால் அகலம் இடிக்கிறது என்றார். மூன்றாம் வாரம் சொல்லுவதற்கு ஒன்றும் இல்லாததால் கேள்வி கேட்டார்.

"ஏனுங்க டீச்சர். நம்ம பக்கத்துலதான வெக்கறோம்? அப்புறம் பொட்டிக்குள்ள யாரு என்ன மாத்தறாங்கன்னு நமக்கு ஏன் தெரிய மாட்டீங்குது? வேண்டாம்னா தடுக்கறதுக்குக்கூட வழியக் காணோமுங்களே."

டீச்சர் விரலால் தரையைக் காட்டினார்.

"கீழ தீவனக் கடைல ஒரு மூலைல ஒரு அம்மா ஜெராக்ஸ் மெசின் போட்டிருக்காங்க பாருங்க," என்றார். "கடைக்காரர்கிட்டப் போயி, அந்த ஜெராக்ஸ் மேசை டிராயரத் தெறந்து ஒரு பேனா எடுத்துத் தரச் சொல்லுங்ணா."

சென்னியப்பன் இறங்கிப் போனார். ஐந்து நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பினார்.

"குடுக்க மாட்டீங்கறாருங்க."

"ஏனாம்?"

"எடம் எனுது, கரண்டு எனுது, டிராயரு அவங்களுது. அந்தம்மாவக் கேளுங்கன்னுட்டாருங்க."

"அவ்வளவுதாங்ணா. பக்கம் நம்மளுது, பொட்டி அந்தக் கம்பெனியோடது."

சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவளின் மனசில் என்ன இருந்தது என்று தனக்கு எப்போதாவது தெரிந்திருக்கிறதா என்று யோசித்தார். அந்த யோசனை பிடிக்காமல் மறுபடி திரையைப் பார்த்தார்.

விட்ஜெட்டில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் சில இருந்தன. கடைசிக் கட்டத்தின் பெயர் ஸ்லிப்பேஜ்.

"இது என்னங்க டீச்சர்?"

"எதிர் கடைல ஒரு டீ வாங்கிட்டு வாங்ணா. கிளாஸ் விளிம்பு வரைக்கும் இருக்கணும். ஒரு சொட்டுக் கொறையக் கூடாது. கொறஞ்சுதுன்னா அப்படியே கொண்டுபோய்க் குடுத்துட்டு வேற வாங்கிட்டு வாங்க. ஒவ்வொரு தடவையும் காசு குடுத்துருங்க."

ஐம்பத்தேழு வயது மனிதரிடம் சொல்லுகிற வேலையா இது என்று மற்றவர்கள் பார்த்தார்கள். சென்னியப்பன் மறுபேச்சுப் பேசவில்லை. வேலை தள்ளிப்போகிற எதுவும் அவருக்குச் சம்மதம்தான்.

முதல் டீ ரோட்டைத் தாண்டும்போதே ததும்பியது. வால்பாறை பஸ் ஒன்று ஹாரனை அடித்துத் தொலைத்தது. இரண்டாவது டீ பதினோராம் படியில், சிமெண்ட் பெயர்ந்த இடத்தில், கொஞ்சம் போயிற்று. மூன்றாவது டீயோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போது விரல் நனைந்தது.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "கொறஞ்சிருக்குதே."

"இப்படியே போனா சாயங்காலம் வரைக்கும் டீ வராதுங்க டீச்சர். டீக்கடைக்காரரு வேற, என் டீயில என்ன கொறைன்னு கோவிச்சுக்கறாருங்க."

"டீ வரல. காசு மட்டும் போச்சு. இல்லீங்களா?"

"ஆமாங்க."

"புறப்படறப்ப இருந்த மாதிரியே வந்து சேராதுங்ணா. நடுவுல ரோடு இருக்குது, படி இருக்குது. இறகு மாத்தறதும் அப்படித்தான். பொத்தான அமுக்கறப்ப ஒரு வெல இருக்கும், போய்ச் சேர்றப்ப ஒரு வெல இருக்கும்." டீச்சர் அவர் கையைப் பார்த்தார். "எவ்வளவு கொறஞ்சு வந்தா வாங்கிக்கலாம்?"

சென்னியப்பன் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். "ஒரு மடக்குக் கொறஞ்சா பரவால்லீங்க."

"அதத்தான் அந்தக் கட்டத்துல எழுதணும். அதுக்கு மேல கொறஞ்சா மாத்தம் நடக்காது, திரும்பிரும். கட்டணம் மட்டும் போயிரும்." டீச்சர் கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு சென்னியப்பன் அந்தக் கட்டத்தின் முன் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக எல்லோரும் அரை சதவீதம் போடுவார்கள் என்று பக்கத்திலேயே குறிப்பு இருந்தது.

அவர் பூஜ்யம் என்று போட்டார்.

பிறகு இன்னொன்றும் செய்தார். விட்ஜெட்டின் மூலையில் பல்சக்கரம் மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அதைத் தொட்டால், மாற்றுகிறவர் தனக்கு எவ்வளவு குறைந்தால் சம்மதம் என்று தானே திருத்திக்கொள்ளலாம். அந்தப் படத்தை மறைத்துவிட்டார்.

தெரியாமல் செய்திருந்தால் தவறு என்று சொல்லிவிட்டுப் போகலாம். இது முழுக்கத் தெரிந்து செய்தது. மாற்ற முடியாவிட்டால் அவள் பக்கத்தை மூட மாட்டாள். மூடாவிட்டால் அடுத்த ஞாயிறு வரும். ஒரு மாதம் இப்படி ஓட்டினால் போதும், அதற்குள் கூப்பிடாமலா போய்விடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவருக்கு ஒரு லைனை அறுக்கவும் தெரிந்திருந்தது.

மறுநாள் டீச்சர் சோதித்துப் பார்த்தார். சோதனைக்கென்று இருந்த இடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை, விலை அசையவில்லை. பூஜ்யத்திலும் மாற்றம் நடந்துவிட்டது.

"நல்லா இருக்குதுங்ணா," என்றார்.

சென்னியப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை விட்ஜெட் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. இத்தனை நாள் காத்திருந்தவர்கள் ஒரே சமயத்தில் வந்து விழுந்தார்கள். விலை ஏறியது, இறங்கியது. ஒரு நிமிடம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. நல்ல நேரம் பார்த்து அமுக்கிய ஒரு சிலரைத் தவிர யாருடைய இறகும் மாறவில்லை.

பேரேட்டில் எல்லாமே பதியும். தோற்றுப்போன முயற்சியும் பதியும். மகளின் இறகுகள் இருக்கும் பெட்டகத்தின் எண் சென்னியப்பனுக்கு மனப்பாடம். செவ்வாய்க்கிழமை காலை அந்த எண்ணிலிருந்து முதல் முயற்சி வந்தது. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு இறகு. தோற்றது. அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சொல்லவே வெட்கமான சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம்.

இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதும். நாலாவதில் அந்தச் சந்தோஷத்தைக் காணவில்லை. ஐந்தாவது செவ்வாய் மாலை வந்தது. ஆறாவதும் ஏழாவதும் புதன்கிழமை காலையில், அடுத்தடுத்து. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, வெளியே தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. பையோடு வாசலில் நின்றவள் கண்முன்னால் வந்து நின்றாள். அன்று மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த தூக்குப்போசியை அவர் திறக்கவே இல்லை. அது மேசைக்கு அடியில் கிடந்தது.

ஒரு மணிக்கு டீச்சர் கடிதங்களைப் பிரித்துக் கொடுத்தார். முப்பத்தொரு கடிதம், எல்லாம் ஒரே புகார். ஆளுக்கு ஆறு, ஏழு என்று கொடுத்தார். சென்னியப்பனுக்கு மட்டும் ஒன்றே ஒன்று.

"இதுக்கு நீங்க பதில் எழுதுங்ணா."

அவர் திரையைப் பார்த்தார்.

'வணக்கம். ஏழு முறை முயன்றுவிட்டேன். ஏழு முறையும் திரும்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் கட்டணம் மட்டும் போகிறது. எனக்கு முழுசாக வந்தே தீர வேண்டும் என்றில்லை. கொஞ்சம் குறைவாக வந்தாலும் வாங்கிக்கொள்வேன். அதை எங்கே சொல்வது என்றுதான் தெரியவில்லை. கோகிலவாணி.'

இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"டீச்சர்."

"சொல்லுங்ணா."

"இது கைதவறி நடந்ததில்லீங்க. பூஜ்யம்னு நாந்தானுங்க போட்டேன். அந்தப் பல்சக்கரத்த மறைச்சதும் நாந்தானுங்க."

"தெரியும். ஒவ்வொரு வரிக்கும் யாரு மாத்துனாங்கன்னு பேரு விழுகுதில்லீங்களா? இன்னைக்குக் காலைல பாத்தேன்."

"ஏன்னு கேக்கலீங்களே."

"வேலைக்குச் சேர்றப்ப ஒரு ஃபாரம் எழுதிக் குடுத்தீங்க. அதுல குடும்ப விவரத்துல ஒரே பேருதான் இருந்துச்சு."

சென்னியப்பன் குனிந்துகொண்டார். வெளியே தீவன மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

"எல்லாரோட கட்டணத்தையும் என்ற சம்பளத்துல புடிச்சுக்கோங்க."

"அதப் புடிக்கத்தான் போறோம். மொதல்ல கட்டத்தத் திருத்துங்க."

திருத்தினார். பூஜ்யம் இருந்த இடத்தில் அரை. பல்சக்கரம் பழையபடி மூலையில் வந்து உட்கார்ந்தது. நாலு வருடம் சுமந்ததற்கு இது ஒரு நிமிட வேலையாக இருந்தது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

"பதிலு?" என்றார் டீச்சர்.

"எழுதறனுங்க. ஆனா பேரு போடாம அனுப்பலாமுங்களா? கூவல் குழுன்னு போட்டாப் போதாதுங்களா?"

"இங்க யாரும் பேரு போடாம அனுப்பறதில்லீங்களே. திட்டறவங்களுக்குக்கூட ஆளு தெரியணும்னுதான வெச்சிருக்கோம்."

அது உண்மைதான். அந்த மாடியில் அது முதல் நாளிலிருந்து வழக்கம். சென்னியப்பனே நூறு கடிதத்துக்குத் தன் பெயர் போட்டு அனுப்பியிருக்கிறார்.

கீபோர்டில் கை வைத்தார். வணக்கம் என்று அடித்தார். மகளுக்கு வணக்கம் சொல்லி ஆரம்பிக்கும்படி ஆகிவிட்டதே என்று இருந்தது. 'நீங்கள்' என்று அடித்தார், அழித்தார். 'நீ' என்று அடித்துப் பார்த்தார். இரண்டும் சரியாக வரவில்லை. கடைசியில் இரண்டும் இல்லாமல் எழுதி முடித்தார்.

'வணக்கம். இப்போது சரிசெய்தாயிற்று. பெட்டியின் வலது மூலையில் பல்சக்கரம் போல ஒரு படம் இருக்கும். எவ்வளவு குறைந்தால் சம்மதம் என்று அங்கே சொல்லலாம். அதை நான் மறைத்துவைத்திருந்தேன். தவறு எங்களுடையது.'

கடைசி வரிக்குத் திரும்பிப் போனார். 'எங்களுடையது' என்பதை அழித்துவிட்டு 'என்னுடையது' என்று அடித்தார். அடியில் சென்னியப்பன் என்று போட்டார். அனுப்புகிற பொத்தானை அமுக்கும்போது, முதன்முதலாகக் கம்பம் ஏறின நாள் ஞாபகத்துக்கு வந்தது.

டீச்சர் தன் இடத்துக்குப் போகவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பேரேட்டில் அந்த எண் வந்தது. எட்டாவது முயற்சி. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு இறகு. இந்த முறை திரும்பவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது. அவளுடைய பக்கத்தில் இறகுகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று மாறியது.

"போயிருச்சுங்க," என்றார் சென்னியப்பன். "இனி ஞாயித்துக்கெழம வராதுங்க."

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"எட்டு விநாடிதானுங்க டீச்சர். காத்து இருக்குதா இல்லையான்னு சொல்லுவா. நான் இங்க உக்காந்துட்டு, அந்தக் காத்துல ஸ்வெட்டர் போட்டிருக்காளா என்னமோன்னு நெனச்சுக்குவேன். அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் நானே தெறந்து விட்டுட்டேன்."

"தெறந்து விட்டீங்க," என்றார் டீச்சர்.

அப்போது திரையில் ஒரு கடிதம் வந்து நின்றது. சென்னியப்பன் திறக்கப் பயந்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்தார்.

'வந்து சேர்ந்துவிட்டது. கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை. பக்கத்தை மூடிவிடுங்கள்.'

அதற்குக் கீழே நிறைய இடம் விட்டிருந்தது. ஒன்றும் இல்லை என்று நினைத்து மூடப் போனவர் கையைச் சற்று நகர்த்தியதில் பக்கம் மேலே ஏறியது. அடியில் ஒரே சொல் இருந்தது.

'சாப்டீங்களா?'

சென்னியப்பன் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். வேறு ஒன்றும் இல்லை. சந்தோஷப்பட வேண்டியவர்தான். ஆனால் நாலு வருடப் பிடிவாதம் அவ்வளவு லேசில் இறங்கிவிடுமா. பழைய இடத்திலிருந்து அது எழுந்து வந்தது.

"பாருங்க டீச்சர். ரெண்டு வருசத்துக்கு முன்னாடியும் இதே ஒத்தச் சொல்லுத்தானுங்க அனுப்புனா. இப்பவும் இதேதான். நான் தவறுன்னு எழுதி, பேரும் போட்டு அனுப்பிச்சிருக்கேன். அவ ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா? தப்புன்னு வேண்டாம். அப்பான்னு ஒரு வார்த்தையாச்சும் போட்டிருக்கலாமில்லீங்களா? நாலு வருசமா ஒக்காந்திருக்கறவனுக்கு இவ்வளவுதானுங்களா வரும்?"

டீச்சர் மேசைக்கு அடியில் கிடந்த தூக்குப்போசியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"நடுவுல கடல் இருக்குதுங்ணா," என்றார். "எவ்வளவு கொறஞ்சு வந்தா வாங்கிக்குவீங்க?"

சென்னியப்பன் திரையின் பக்கம் திரும்பினார். அந்தச் சொல்லை இன்னொரு முறை படித்தார். பிறகு குனிந்து தூக்குப்போசியை எடுத்துத் திறந்தார். ஆறிப்போன சோற்றில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.